ஓட்டுநர் உரிமம்: யாருக்கு, எந்த வண்டிக்கு?

இதைப் படிக்கும்போது உங்கள் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், படம், முகவரி எல்லாம் நாம் அறிந்தவைதான். நாம் அதிகம் கவனிக்காதது, வண்டி வகையைக் குறிக்கும் சில எழுத்துகளையும் அவற்றுக்குப் பக்கத்தில் உள்ள தேதிகளையும்தான். "லைசென்ஸ் இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சட்டமோ "எந்த வண்டிக்கு, எந்தத் தேதி வரை?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், நம் வளாகத்தில் யாரிடம் சாவியைக் கொடுக்கலாம் என்பதும் தெளிவாகும்.

தேர்வு இல்லாத காலம்

மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸே 1888-ல் தன் வண்டியைச் சாலையில் ஓட்ட, ஜெர்மனியின் பாடன் பகுதி அதிகாரிகளிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1893-ல் பாரிஸ் காவல்துறை, ஓட்டுபவர் தகுதிச் சான்று பெற வேண்டும் என்று ஆணையிட்டது. பிரிட்டனில் 1904 தொடக்கத்திலிருந்து உரிமம் கட்டாயமானது. ஆனால் தேர்வு கிடையாது; ஐந்து ஷில்லிங் கட்டினால் போதும். ஓட்டத் தெரியுமா என்று சோதிக்கும் கட்டாயத் தேர்வு அங்கே வந்தது 1935-ல்தான். ஆரம்பத்தில் உரிமம் என்பது திறமைக்கான சான்று அல்ல, ஓட்டுபவர் யார் என்று அடையாளம் காண ஒரு வழி.

இந்தியாவில் மாகாணங்கள் தனித்தனியே வைத்திருந்த விதிகளுக்குப் பதிலாக, 1914-ல் நாடு முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. சிறிய சட்டம்தான். பெரும்பாலான விவரங்களை மாகாண அரசுகளே விதிகளாக வகுத்துக்கொண்டன.

சம்பளத்துக்கு ஓட்டுபவர் யார்?

லாரிகளும் பேருந்துகளும் பெருகியபின் வந்தது 1939 சட்டம். அதில் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுபவர், அதற்கெனத் தன் உரிமத்தில் தனி அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்றது அது. அதாவது, ஒருவர் தன் சொந்தக் காரை ஓட்ட ஒரு தகுதி; அதே காரை இன்னொருவருக்காகச் சம்பளம் வாங்கி ஓட்ட வேறொரு தகுதி.

"டிரைவருக்கு பேட்ஜ் இருக்கா?" என்று நம்மில் மூத்தவர்கள் இன்றும் கேட்பதற்கு இந்தப் பழைய வழக்கமும் ஒரு காரணம். 1988-ல் வந்த சட்டம் (1989 ஜூலை 1 முதல் நடைமுறை) இந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. இப்போது சட்டம் பார்ப்பது ஓட்டுபவர் சம்பளம் வாங்குகிறாரா என்பதை அல்ல. வண்டி எந்த வகை என்பதை. எனவே உங்கள் சொந்தக் காரை ஓட்ட வரும் ஆக்டிங் டிரைவருக்கு, காலாவதியாகாத எல்.எம்.வி. உரிமம் இருந்தால் போதும்.

வகைகள்

1988 சட்டத்தின்படி பொதுவாக நாம் காணும் வகைகள் இவை:

- கியர் இல்லாத இருசக்கர வண்டி
- கியர் உள்ள இருசக்கர வண்டி (எம்.சி.டபிள்யூ.ஜி.)
- இலகுரக வாகனம் (எல்.எம்.வி.): கார், ஜீப், சிறிய வேன்
- போக்குவரத்து வாகனம் (டிரான்ஸ்): லாரி, பேருந்து போன்றவை

இவை ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறும் படிகள் அல்ல, தனித்தனி அனுமதிகள். கார் உரிமம் மட்டும் உள்ளவர் மகளின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனால், அந்த நேரத்தில் அவர் உரிமம் இல்லாதவரே. ஸ்கூட்டரில் எட்டு போட்டு கியர் இல்லாத வகையில் உரிமம் வாங்கியவர் புல்லட்டை ஓட்டினாலும் அதே நிலைதான். உரிமமின்றி ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக 5,000 ரூபாய் உண்டு.

7,500 கிலோ வழக்கு

1988 சட்டத்தில் நடுத்தர, கனரக வாகனங்களுக்குத் தனித்தனி வகைகள் இருந்தன. 1994 திருத்தம் அவற்றை 'போக்குவரத்து வாகனம்' என்ற ஒரே தலைப்பில் சேர்த்தது. இலகுரக வாகனத்தின் எடை வரம்பையும் 6,000 கிலோவிலிருந்து 7,500 கிலோவாக உயர்த்தியது. குழப்பம் இங்கேதான் தொடங்கியது. வாடகை டாக்ஸியும் டாடா ஏஸும் எடையில் இலகுரகம், பயன்பாட்டில் போக்குவரத்து. அப்படியானால் எல்.எம்.வி. உரிமம் போதுமா?

விபத்து நடந்தபோதெல்லாம் காப்பீட்டு நிறுவனங்கள் இந்தக் கேள்வியை எழுப்பி, இழப்பீட்டுப் பொறுப்பை மறுத்தன. 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்துக்கு எல்.எம்.வி. உரிமமே போதும் என்றது. காப்பீட்டு நிறுவனங்கள் இதை ஏற்காமல் மீண்டும் வாதிட்டன. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ரம்பா தேவி வழக்கில் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

நமக்கு இதன் பொருள்: வீடு மாற்ற வரும் சின்ன யானை டிரைவரிடம் எல்.எம்.வி. இருந்தால் போதும். ஆனால் நமக்குத் தண்ணீர் கொண்டுவரும் 12,000 லிட்டர் டேங்கரில் தண்ணீரின் எடை மட்டுமே 12 டன். அதை ஓட்டுபவருக்குப் போக்குவரத்து வாகன உரிமம் கட்டாயம் வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்தை ஒட்டித்தான் அந்த லாரி பின்னோக்கி வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நம் பிள்ளைகள்

16 வயதில் ஸ்கூட்டி ஓட்டலாம் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். சட்டம் சொல்வது 50 சிசிக்கு மேற்படாத வண்டியை மட்டும். ஓசூரில் 1980-ல் பிறந்த டிவிஎஸ் 50 போன்ற மொபெட்டுகள் ஓடிய காலத்துக்குப் பொருந்திய விதி அது. இன்று நம் பார்க்கிங்கில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். அவற்றுக்கு வயது 18 ஆக வேண்டும். மின்சார வண்டியிலும் எல்லாவற்றுக்கும் விலக்கு இல்லை. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் வகைக்கு மட்டுமே உரிமம் தேவையில்லை.

2019 திருத்தத்துக்குப் பின், சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ உரிமையாளரோ பொறுப்பாவார்கள். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

"வளாகத்துக்குள்தானே ஓட்டுகிறான்" என்பது வழக்கமான பதில். உரிம விதி 'பொது இடம்' பற்றிப் பேசுவது உண்மைதான். ஆனால் அலட்சியத்தால் ஓர் உயிர் போனால், அந்தக் குற்றத்துக்கு இடம் ஒரு பொருட்டல்ல. கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போக ஒரு நொடி போதும் என்பதும் நமக்குத் தெரியும்.

விபத்துக்குப் பின் யார் கட்டுவது?

2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது இது: ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லை என்பதை மட்டும் காட்டி, பாதிக்கப்பட்ட மூன்றாம் நபரைக் காப்பீட்டு நிறுவனம் கைவிட முடியாது. அதே சமயம், உரிமையாளர் தெரிந்தோ அலட்சியமாகவோ வண்டியைக் கொடுத்திருந்தால், கட்டிய தொகையை அவரிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம். லட்சக்கணக்கில் வரக்கூடிய தொகை அது. டிரைவரின் உரிமத்தை வாங்கிப் பார்த்தீர்களா என்பது அப்போது மிகப் பெரிய கேள்வியாகிவிடும்.

பார்க்க வேண்டியவை

1. உங்கள் உரிமத்தில் கார், இருசக்கர வண்டி இரண்டும் உள்ளனவா? இல்லையென்றால் விடுபட்ட வகைக்கு எல்.எல்.ஆர். எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

2. காலாவதி தேதி என்ன? முன்பு 20 ஆண்டுகள் அல்லது 50 வயது வரை செல்லும். இப்போது 30 வயதுக்குள் வாங்கினால் 40 வயது வரை. 30 முதல் 50 வரை பத்து ஆண்டுகள். 50 முதல் 55 வரை வாங்கினால் 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டுகள். காலாவதியாகி ஓராண்டு கடந்தால் மீண்டும் தேர்வு எழுத வேண்டும். மூத்த குடிமக்கள் இன்றே பார்த்துவிடுங்கள்.

3. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மகனோ மகளோ காரை எடுக்கும் முன், அவர்களின் இந்திய உரிமம் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

4. டிரைவர் வேலைக்கு வந்தால் உரிமத்தை வாங்கி, வகையையும் தேதியையும் பாருங்கள். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பது அவரை அவமதிப்பதாகாது. நல்ல டிரைவர்கள் கேட்கும் முன்பே நீட்டுவார்கள்.