வேட்டை நில எல்லை வரைபடம்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேட்டைக்குச் செல்பவர்கள், தாங்கள் நிற்கும் நிலம் யாருடையது என்று அறியக் கையடக்க ஜிபிஎஸ் கருவியிலோ கைபேசியிலோ பார்க்கும் வரைபடமே வேட்டை நில எல்லை வரைபடம் ஆகும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்பதே பழங்கதையாகிவிட்டது. அங்கே அப்படி இல்லை. உரிமம் பெற்று, குறித்த பருவத்தில், குறித்த விலங்கை வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. மத்திய அரசின் பொது நிலங்களில் பெரும்பகுதி அதற்குத் திறந்தே இருக்கிறது. ஆனால் பக்கத்திலுள்ள தனியார் நிலத்தில் அனுமதியின்றிக் கால் வைத்தால் வழக்கு வரும். மலையும் புல்வெளியுமாக வேலியே இல்லாத பரப்பில் எது யாருடைய நிலம் என்று எப்படித் தெரியும்? அதற்காக வந்ததே இந்த வரைபடம். கருவி புதியது, அதில் தெரியும் கோடு 200 ஆண்டுகளுக்கும் மேல் பழையது.

அந்தக் கோடு 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தில் தொடங்குகிறது. புதிதாக விடுதலை பெற்ற அமெரிக்க அரசிடம் பணம் இல்லை, நிலம் இருந்தது. (அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடி மக்களைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை என்பது தனிக் கதை.) விற்பதற்கு வசதியாக நிலத்தை 6 மைலுக்கு 6 மைல் என்ற சதுரங்களாகவும், ஒவ்வொன்றையும் ஒரு சதுர மைல் அளவுள்ள 36 பிரிவுகளாகவும் வெட்டினார்கள். ஒரு பிரிவு 640 ஏக்கர். பின்னர் நிலைபெற்ற முறையில், வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, ஏர் உழும் மாடு போலவே எண்கள் வளைந்து செல்லும். 16ஆம் பிரிவு பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஆசிரியராக இருந்தவனுக்கு இந்த ஒரு வரி போதும், அந்தச் சட்டத்தின் மேல் தனி மதிப்பு வந்துவிடும்.

அளந்த கருவி நமக்கும் பழக்கமானதுதான். எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620ஆம் ஆண்டளவில் வகுத்த, 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட அளவுச் சங்கிலி அது. 80 சங்கிலி ஒரு மைல்; 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நம் ஊர் நில அளவையிலும் இதே சங்கிலிதான் இழுக்கப்பட்டது. நாம் சொல்லும் ஒரு சென்ட் என்பது சரியாக 1000 சதுரக் கண்ணி. கிரிக்கெட் ஆடுகளத்தின் 22 கஜமும் இந்தச் சங்கிலியின் நீளமே. அளவையாளர்கள் சங்கிலியை இழுத்துச் சென்று பிரிவுகளின் மூலைகளில் கல்லோ கட்டையோ நட்டார்கள். பிற்காலத்தில் பித்தளை முத்திரை பதித்தார்கள். குளிரிலும் மலைச்சரிவிலும் சங்கிலி கொஞ்சம் விலகியிருக்கலாம். ஆனால் சட்டம் ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: முதலில் நட்ட கல் எங்கே இருக்கிறதோ அதுவே எல்லை. பிற்காலக் கணக்கு வேறு இடத்தைக் காட்டினாலும் கல்லே வெல்லும்.

சிக்கல் 1862இல் வந்தது. கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை போட, லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தின்படி பாதையின் இருபுறமும் ஒற்றைப்படை எண் பிரிவுகள் ரயில் நிறுவனங்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டன. இரட்டைப்படைப் பிரிவுகளை அரசு வைத்துக்கொண்டது. ரயில் வந்தால் விலை ஏறும், அப்போது விற்றுக்கொள்ளலாம் என்பது எண்ணம். வயோமிங் போன்ற வறண்ட மாநிலத்தில் அந்த நிலத்தை வாங்க ஆள் வரவில்லை. ரயில் நிறுவனத்தின் பிரிவுகளோ பண்ணையாளர்கள் கைக்குப் போயின. விளைவு, சதுரங்கப் பலகை போல வெள்ளைக் கட்டம் தனியார், கறுப்புக் கட்டம் பொது என்று மாறி மாறி அமைந்த நிலம். பொதுக் கட்டம் ஒன்றிலிருந்து அடுத்த பொதுக் கட்டத்துக்குப் போக வேண்டுமானால், இரண்டும் தொடும் அந்த ஒற்றை மூலைப் புள்ளி வழியாகத்தான் போக முடியும். புள்ளிக்கு அகலம் கிடையாது என்பது நாம் வடிவியலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. தாண்டும் மனிதனுக்குத் தோள் இருக்கிறதே!

1885இல் பொது நிலத்தை வேலியிட்டு அடைப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்று வந்தது. ஆனால் 1979இல், இத்தகைய தனியார் கட்டங்களின் குறுக்கே சாலை போட அரசுக்கு மறைமுக உரிமை எதுவும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூலையைத் தாண்டலாமா கூடாதா என்பது தெளிவில்லாமலே நின்றது.

தெளிவிருந்தாலும் மூலையைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்ததில்லை. பொது நிலத்தை மஞ்சளாகவும், தேசிய வனத்தைப் பச்சையாகவும், மாநில நிலத்தை நீலமாகவும், தனியார் நிலத்தை வெள்ளையாகவும் காட்டும் அரசுக் காகித வரைபடங்கள் உண்டு. அவற்றின் அளவு பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கு ஒன்று. அதில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 50 மீட்டர் அகலம்! கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் 1989 முதல் கடைக்கு வந்தும் பயன் குறைவு. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை சேர்த்திருந்ததால் இடம் 100 மீட்டர் வரை தவறியது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டனின் உத்தரவால் அந்தப் பிழை நீக்கப்பட்டது. அதே காலத்தில் மாண்டானா போன்ற மாநிலங்கள் தங்கள் நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தன. இரண்டையும் சேர்த்தவர் மாண்டானாவைச் சேர்ந்த எரிக் சீக்ஃபிரைட் என்ற பொறியாளர். அவரும் வேட்டைக்காரரே. 2009இல் அவர் தொடங்கிய நிறுவனமே இன்றைய ஆன்எக்ஸ். முதலில் கார்மின் கருவிக்குள் செருகும் சிறு நினைவக அட்டையாக இந்த வரைபடம் விற்கப்பட்டது. பின்னர் கைபேசிச் செயலியானது. எல்லையோடு உரிமையாளர் பெயரும் திரையில் வரும். அது பொது ஆவணம்தான் என்றாலும், தன் பெயர் ஊரார் சட்டைப்பையில் திரிவதை எல்லாரும் விரும்பியிருக்க மாட்டார்கள்.

2021இல் மிசௌரி மாநிலத்து வேட்டைக்காரர்கள் நால்வர் வயோமிங்கின் எல்க் மலைக்குப் போனார்கள். அவர்களில் மூவர் முந்தைய ஆண்டும் வந்தவர்கள்தான். செயலி அவர்களை மூலைக்கு அருகே கொண்டு சேர்த்தது. அங்கே தரையில் பதித்த அளவை முத்திரையைக் கண்டு சரியான புள்ளியை உறுதி செய்தார்கள். அந்த இடத்தில் வேலி இல்லை. எச்சரிக்கைப் பலகையோடு சங்கிலியால் பிணைத்த இரண்டு இரும்புக் கம்பங்கள் மட்டும் இருந்தன. 2020இல் கம்பத்தைப் பிடித்துச் சுற்றித் தாண்டியவர்கள், இந்த முறை தாங்களே செய்த ஏணியை மூலையின் மேல் நிறுத்தி ஏறி இறங்கினார்கள். தனியார் மண்ணை மிதிக்கவில்லை. பண்ணை உரிமையாளரோ, நிலத்துக்கு மேலுள்ள காற்றுவெளியும் தனதே என்றார். குற்ற வழக்கில் 2022இல் நடுவர் குழு நால்வரையும் விடுவித்தது. பல லட்சம் டாலர் இழப்பீடு கேட்ட உரிமையியல் வழக்கிலும் 2023இல் அவர்களே வென்றார்கள். 2025 மார்ச்சில் பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்காட்டி அதை உறுதி செய்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது.

மேற்கு மாநிலங்களில் இப்படி மூலையால் மட்டுமே எட்டக்கூடிய பொது நிலம் 83 லட்சம் ஏக்கர் என்று ஆன்எக்ஸ் நிறுவனம் 2022இல் கணக்கிட்டது. பத்தாம் வட்டத்தின் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா உள்ளிட்ட 6 மாநிலங்களைக் கட்டுப்படுத்தும். அந்தச் செயலி பிறந்த மாண்டானா அவற்றுள் இல்லை.