ஒரே பிரிவினை, இரண்டு மன்றங்கள்

1947இல் போட்ட எல்லைக்கோடு பஞ்சாபையும் வங்காளத்தையும் ஒருசேர அறுத்தது. மேற்கே லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாப் தலைநகர் இல்லாத மாகாணமாயிற்று. கிழக்கே கல்கத்தா இந்தியாவோடு நின்றுவிட, டாக்கா கிழக்கு வங்காளத்தின் தலைநகராயிற்று. இந்த இழப்புகள் வழியாகத்தான் இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலையின் இரு பெரும் சாதனைகள் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தன. ஒன்று, சண்டிகரில் லெ கார்பூசியே கட்டிய சட்டமன்றம், உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம் அடங்கிய வளாகம். மற்றொன்று, டாக்காவில் லூயி கான் வடிவமைத்த நாடாளுமன்றம்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் காரணங்கள் நிறைய. இரண்டும் கான்கிரீட். இரண்டும் வெளிநாட்டுக்காரர் கை. இரண்டுமே கிரேனை நம்பிக் கட்டியவை அல்ல, தலைச்சுமையில் எழுந்தவை. டாக்கா வேலைக்கு முதலில் அழைக்கப்பட்டவர்களில் லெ கார்பூசியேயும் ஒருவர், அவருக்கு நேரமில்லை. பின்லாந்தின் ஆல்வார் ஆல்ட்டோவாலும் வர முடியவில்லை. அதன் பிறகே 1962இல் கான் வந்தார். இத்தனை ஒற்றுமை இருந்தும், இந்த இரண்டு கட்டடங்களும் கடந்த காலத்தை நடத்தும் விதம் நேர் எதிரானது.

சண்டிகரின் திட்டத்தை முதலில் வரைந்தவர் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர். அவருடன் உழைத்த இளம் கட்டடக் கலைஞர் மாத்யூ நொவிட்ஸ்கி 1950இல் விமான விபத்தில் இறந்துபோனார். அதன் பின் பொறுப்பு லெ கார்பூசியேயிடம் வந்தது. பியர் ஜானெரே, மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ மூவரும் அவருடன் சேர்ந்தார்கள். நேரு கேட்டது பழைய மரபின் தளை எதுவும் இல்லாத, புதிய நாட்டுக்கு அடையாளமான ஊர். லாகூரைப் பறிகொடுத்துவிட்டு அகதிகளாக வந்து நின்ற மக்களுக்கு இன்னொரு லாகூரைக் கட்டிக் கொடுத்தால் புண் ஆறாது என்ற எண்ணம் அதில் இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படிப் பார்த்தால் அந்தக் கோரிக்கையை ஆணவம் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

லெ கார்பூசியே மரபை விட்டுவிட்டுச் சூரியனைப் பிடித்துக்கொண்டார். உயர் நீதிமன்றத்தின் கூரை கட்டடத்தோடு ஒட்டாமல், விளிம்புகள் மேல்நோக்கி வளைய, தனிக் குடையாக மேலே நிற்கிறது. கூரைக்கும் கீழே உள்ள அறைகளுக்கும் நடுவில் காற்று புகுந்து போகும். ஜன்னல்களுக்கு முன்னால் கான்கிரீட் பலகைகள் பெட்டி பெட்டியாக நீட்டிக்கொண்டு வெயிலை மறிக்கின்றன. சட்டமன்றத்தின் வட்ட மண்டபத்துக்கு மேலே, கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு பெரிய புகைபோக்கி போன்ற கோபுரம் எழுகிறது. அகமதாபாத் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தைப் பார்த்ததில் பிறந்த வடிவம் அது. இந்தியாவில் அவர் நோட்டுப் புத்தகங்களில் வரைந்து நிரப்பியவற்றுள் மாட்டுக் கொம்பும் உண்டு, டெல்லி ஜந்தர் மந்தரும் உண்டு. சட்டமன்றத்தின் பெரிய வாசல் கதவில் எனாமல் தகடுகளில் அவரே சூரியனின் பாதையைத் தீட்டினார். மரபு வேண்டாம் என்று சொல்லிக் கட்டச் சொன்ன இடத்துக்கு மாட்டுக் கொம்பும் ஜந்தர் மந்தரின் வானியல் மேடையும் இப்படிச் சுற்றி வந்து சேர்ந்தன.

வரவேண்டிய வேறு சில வரவில்லை. நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் நடுவில் உள்ள திடல் நடு வெயிலில் கடக்க அஞ்சும் அளவு அகலமானது. மர நிழல் இல்லாத அந்த வெளியைப் பஞ்சாபில் பிறந்த எந்தக் கொத்தனாரும் அப்படி விட்டிருக்க மாட்டார். நீதிமன்றத்தில் மழைக்கு ஒதுங்க இடம் போதாமல் பிற்பாடு ஒரு தாழ்வாரம் சேர்க்க வேண்டியதாயிற்று. திடலின் தலைமாட்டில் ஆளுநர் மாளிகை வருவதாக இருந்தது. மக்களாட்சிக்கு அது பொருந்தாது என்று நேரு கருதியதால் கைவிடப்பட்டது. வரைபடத்தில் எல்லாக் கோடுகளும் போய்ச் சேரும் இடம் இன்றும் காலியாகவே கிடக்கிறது.

டாக்காவின் கதை வேறு விதமாகத் தொடங்குகிறது. 1958இல் ஆட்சியைப் பிடித்த அயூப் கான் மேற்கே இஸ்லாமாபாத் என்ற புதுத் தலைநகருக்குத் திட்டம் போட்டார். மக்கள்தொகையில் பெரும்பான்மையான கிழக்கு பாகிஸ்தான் குமுறியது. அதைச் சமாதானப்படுத்த டாக்காவுக்கு இரண்டாம் தலைநகர் என்ற பட்டமும் ஒரு நாடாளுமன்ற வளாகமும் தரப்பட்டன. உண்மையான அதிகாரம் மேற்கில், கட்டடம் கிழக்கில். அந்த வேலையைக் கட்டடக் கலைஞர் முஸ்ஹாருல் இஸ்லாமே செய்திருக்கலாம். டாக்கா கவின்கலைக் கல்லூரியைக் கட்டிப் பெயர் வாங்கிய வங்காளி அவர். ஆனால் உலகத் தரத்தில் ஒரு மேதை வந்து கட்டினால் இங்குள்ள இளைஞர்கள் கற்றுக்கொள்வார்கள் என்று அவர் வாய்ப்பை விட்டுக்கொடுத்தார். இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் அவர்தான்.

கான் வந்து பார்த்த நிலம் வெள்ளம் ஏறும் டெல்டா. வங்காளக் கிராமத்தில் வீடு கட்டுகிறவர் முதலில் குளம் வெட்டுவார். வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி அதன்மேல் வீடு எழுப்புவார். குளத்தில் மீன், மேட்டில் குடும்பம். கான் அதையே நாடாளுமன்ற அளவுக்குச் செய்தார். மண்ணைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் மன்றத்தை நிறுத்தினார். சுற்றிலும் உறுப்பினர் விடுதிகளைச் செங்கல்லில் கட்டினார். கல் கிடைக்காத வங்காளத்தில் பஹார்பூரின் பௌத்த விகாரையிலிருந்து லால்பாக் கோட்டை வரை எல்லாவற்றையும் தாங்கி நின்றது சூளையில் வெந்த களிமண்தான்.

1901இல் எஸ்தோனியப் பகுதியில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போன, புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை கான். ஐம்பதை நெருங்கும்போது ரோமில் தங்கி, இடிந்த மண்டபங்களைப் பார்த்தபிறகே அவருடைய சொந்தப் பாணி பிறந்தது. டாக்கா மன்றத்தின் வெளிச்சுவரில் கண்ணாடி தெரியாது. சுவரில் வட்டமாகவும் முக்கோணமாகவும் பிரம்மாண்டத் துளைகள் மட்டும் உண்டு. ஜன்னல் அதற்கு உள்ளே தள்ளி, இரண்டாவது சுவரில் இருக்கிறது. சாரல் வெளிச் சுவரிலேயே நின்றுவிடும், வெயிலின் கூச்சம் நடுவில் உள்ள நிழலில் அடங்கிவிடும். ரோமாபுரி இடிபாட்டின் முகம் வங்காளத்து மழைக்கு இப்படிப் பொருந்திப் போனது.

தொழுகைக் கூடத்தைச் சொல்லாமல் விட முடியாது. எண்கோண மன்றத்தைச் சுற்றி எல்லாப் பகுதிகளும் வடக்கு தெற்கு அச்சில் ஒழுங்காக அமர்ந்திருக்க, தெற்கே உள்ள தொழுகைக் கூடம் மட்டும் சற்றே திரும்பி நிற்கிறது. மெக்கா இருக்கும் திசையைப் பார்த்துத்தான் அது நிற்க வேண்டும். வடிவக் கணக்கில் உயிரையே வைத்திருந்த ஒருவர், வணங்குகிறவரின் முகம் எந்தப் பக்கம் என்பதற்காகத் தன் கணக்கை வளைத்தார். சண்டிகரில் இப்படி வளைந்து கொடுத்த ஓர் இடத்தை என்னால் காட்ட முடியவில்லை.

இருவரின் மனசையும் துலக்கமாகக் காட்டுவது கான்கிரீட்டின் தோல். நம் ஊரில் மாடி கான்கிரீட் போடும் நாளில் வேலையைப் பாதியில் நிறுத்த விடமாட்டார்கள். இன்று போட்டதும் நாளை போட்டதும் சேரும் இடத்தில் கோடு விழும், தண்ணீர் இறங்கும். டாக்காவிலோ மூங்கில் சாரத்தின் மேல் சட்டி சட்டியாகச் சுமந்து ஏற்றிய கலவையில் ஒரு தடவைக்கு ஐந்தடி உயரம்தான் எழுப்ப முடிந்தது. அந்த இணைப்பைக் கான் மறைக்கவில்லை. ஒவ்வொரு ஐந்தடிக்கும் ஒரு வெள்ளைப் பளிங்குப் பட்டையைப் பதித்தார். மழைநீர் வழியும் கறையைப் பட்டை தடுத்தது. சென்ட்ரிங் பலகை சரியாகச் சேராத பிசிறையும் மூடிக்கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறச் சுவரில் வெண்கோடுகள் அணிபோலத் தெரியும். கிட்டே போனால், கலவை சுமந்தவர்களின் உழைப்பைக் கட்டடத்தின் மேலேயே எழுதி வைத்த கணக்கு அது.

சண்டிகரிலும் சாய்தளங்களில் பெண்கள்தான் கலவையைச் சுமந்தார்கள். லெ கார்பூசியே பலகையின் ரேகை, ஆணியின் தடம், கைபட்ட கரடு எதையும் பூசி மறைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். அதில் ஒரு துணிவு உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவருக்கு அந்தக் கரடு பொருளின் இயல்பு. கானுக்கு அது செய்தவரின் வேலைநேரம். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

கட்டி முடித்த பிறகு நடந்தவைதான் இந்த ஒப்பீட்டில் என்னை விடாமல் பிடித்திருக்கும் பகுதி. 1966இல் பஞ்சாப் மொழிவழியாகப் பிரிந்து ஹரியானா பிறந்தது. சண்டிகர் யூனியன் பிரதேசமானது, ஆனால் இரு மாநிலங்களுக்கும் தலைநகராகவும் நீடித்தது. கோபுரத்தின் அடியில் உள்ள வட்ட மண்டபம் பஞ்சாபுக்கு. பஞ்சாப் மேலவைக்கென்று பிரமிடுக் கூரையோடு கட்டிய சிறிய மண்டபத்தில் ஹரியானா சட்டமன்றம் கூடுகிறது. செயலகத்தையும் அறைக் கணக்கில் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிரிவினையை மறக்கக் கட்டிய இடத்துக்குள்ளேயே இன்னொரு பிரிவினை வந்து குடியேறியது. தனித்தனிச் சிற்பங்களாக நிறுத்திய வளாகம் பங்கு போட வசதியாகவும் இருந்தது.

டாக்காவில் பங்கு போட வழியில்லை. எல்லாமே ஒரு நடு மண்டபத்தைச் சுற்றிப் பூட்டப்பட்டவை. மண்டபம் யாருடையதோ முழுக் கட்டடமும் அவர்களுடையது. 1971 வங்கதேச விடுதலைப் போரில் வேலை நின்றது. மேலிருந்து பார்த்த விமானிகள் துளை விழுந்த சுவர்களை ஏற்கெனவே இடிந்தது என்று நினைத்துக் குண்டு போடாமல் போனார்கள் என ஒரு கதை டாக்காவில் உலவுகிறது. கதையோ நிஜமோ, ஒரு மாகாணத்தைச் சமாதானப்படுத்தத் தந்த கட்டடம் போர் முடிந்தபோது ஒரு நாட்டின் நாடாளுமன்றமாகிவிட்டது. கான் 1974இல் நியூயார்க் ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். அவருடன் வேலை செய்தவர்கள் தொடர்ந்து கட்டி முடிக்க, 1982 தொடக்கத்தில் மன்றம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் தளபதி எர்ஷாத் ராணுவ ஆட்சியை அறிவித்தார். நல்ல கட்டடம் நல்ல ஆட்சியைக் கொண்டுவரும் என்று நம்ப ஆசைப்படுகிறவர்கள் இந்தத் தேதிகளைக் கவனிக்க வேண்டும். ஆனாலும் வங்கதேச மக்கள் அந்தக் கட்டடத்தைக் கைவிடவில்லை. தெற்குத் திடல் மாலைநேரத்தில் குடும்பங்கள் வந்து உட்காரும் இடமாக இருந்தது. வரைபடத்தில் யாரும் எழுதாத பயன் அது, என் கண்ணில் மிகப் பெரிய பயனும் அதுதான்.

இன்று இரண்டு இடத்திலும் வேலி. 1995இல் பஞ்சாப் முதல்வர் பியாந்த் சிங் செயலக வாசலில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட பிறகு சண்டிகர் வளாகம் காவலுக்குள் போயிற்று. டாக்காவிலும் பாதுகாப்பு என்ற பெயரில் திடலைச் சுற்றிக் கம்பி எழுந்தது. 2024 ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறியதும் மக்கள் கூட்டம் அந்த மன்றத்துக்குள் நுழைந்தது. சண்டிகரின் சிக்கலோ இடப் பங்கீட்டிலேயே நிற்கிறது. தனக்கென ஒரு சட்டமன்றம் கட்ட அங்கே இடம் வேண்டும் என்று ஹரியானா கேட்டது. ஊரே தன்னுடையது என்று பஞ்சாப் அதை எதிர்த்தது. அந்தத் தகராறு தீரும்வரை, ஒழிக்கப்பட்ட மேலவைக்காகக் கட்டிய பிரமிடு மண்டபத்தில்தான் ஹரியானா கூடியாக வேண்டும்.