தொழில்நுட்ப முன்கணிப்பு

அறிவியலும் தொழில்நுட்பமும் இனி எத்திசையில், எவ்வளவு காலத்தில், என்ன விலையில் வளரும் என்பதைக் காரணங்களோடு முன்கூட்டிக் கூறும் முயற்சி தொழில்நுட்ப முன்கணிப்பு எனப்படும். காரணம் காட்டும் பொறுப்பு இதைச் சோதிடத்திலிருந்தும், காலக்கெடு இதைப் புனைகதையிலிருந்தும் பிரிக்கிறது என்பர். இரண்டு வேலிகளிலும் ஓட்டைகள் உண்டு. வருவதைக் கண்டவர்கள், காணத் தவறியவர்கள் என்று இரு வரிசை பிரித்து இத்துறையின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். பதிவுகளைப் புரட்டினால் அந்தப் பிரிவினை நிற்பதில்லை. ஒரே ஆள் ஒரே நூலில் ஒன்றைச் சரியாகவும் அடுத்ததை முற்றிலும் தவறாகவும் சொல்லியிருக்கிறார். சொன்னவரின் கூர்மையைவிட, சொல்லப்பட்ட பொருளின் தன்மையே முடிவைத் தீர்மானித்ததாகத் தெரிகிறது. சிறுசிறு படிகளாக முன்னேறி, ஒவ்வொரு படியிலும் யாராவது வாங்கத்தக்க ஒன்றைத் தந்து, அடுத்த படிக்கான செலவைத் தானே ஈட்டிக்கொண்ட தொழில்நுட்பங்களைப் பற்றிய கணிப்புகளே பெரும்பாலும் பலித்தன. கடைசிப் படி வரை கையில் எதையும் தராதவற்றைப் பற்றிய கணிப்புகள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தன.

13-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் துறவி ராஜர் பேக்கன் துடுப்புக்காரர் இல்லாத கப்பலையும் விலங்கு பூட்டாத வண்டியையும் பறக்கும் பொறியையும் குறிப்பிட்ட மடலை இத்துறையின் தொடக்கமாகப் பல நூல்கள் காட்டுகின்றன; அம்மடலின் சில பகுதிகள் அவர் எழுதியவைதாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிரான்சிஸ் பேக்கனின் 'புதிய அட்லாண்டிஸ்', நிலவுப் பயணம் கைகூடும் என்று வாதிட்ட ஜான் வில்கின்சின் நூல் ஆகிய இரண்டும் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஜூல் வெர்ன் 1863-இல் எழுதிய 'இருபதாம் நூற்றாண்டில் பாரிஸ்' என்னும் நாவலை, யாரும் நம்பமாட்டார்கள் என்று அவருடைய பதிப்பாளர் திருப்பிவிட்டார். 1960-ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதப்பட்ட அக்கதை அச்சேறியது 1994-இல். அதற்குள் அதன் எதிர்காலம் இறந்தகாலமாகி 34 ஆண்டுகள் கடந்திருந்தன.

1900-ஐ ஒட்டி இத்தகைய எழுத்து பெருகியது. அவ்வாண்டு டிசம்பரில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்னும் அமெரிக்க இதழில், அடுத்த நூறு ஆண்டுகளில் என்ன நடக்கலாம் என்பதை ஜான் எல்ஃப்ரத் வாட்கின்ஸ் பட்டியலிட்டார். தொலைவுக்குப் படம் அனுப்புதல், கம்பியில்லாத் தொலைபேசி, சமைத்த உணவு வீடு தேடி வருதல் ஆகியவற்றை அவர் சரியாகச் சொன்னார். ஆங்கில நெடுங்கணக்கிலிருந்து மூன்று எழுத்துகள் மறையும், கொசுவும் ஈயும் ஏறக்குறைய ஒழிந்துவிடும், ஸ்ட்ராபெரி ஆப்பிள் அளவுக்குப் பருக்கும் என்றவையும் அதே பட்டியலில் உள்ளன. எச். ஜி. வெல்ஸ் 1901-இல் வெளியிட்ட 'ஆன்டிசிபேஷன்ஸ்' இதனினும் ஆழமானது. மோட்டார் வண்டிகளுக்கென்றே தனிச்சாலைகள் வரும், நகரங்கள் புறநகர்களாகப் பரந்து விரியும் என்று போக்குவரத்துச் செலவை அடிப்படையாக வைத்து அவர் வாதிட்டார். ஆனால் நீர்மூழ்கிக் கப்பல் தன் மாலுமிகளை மூச்சுத் திணற வைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யும் என்று அவரால் எண்ண முடியவில்லை. விமானம் 1950-க்கு முன் பறந்துவிடக்கூடும் என்று மட்டுமே துணிந்தார். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 டிசம்பர் 17-இல். அதற்கு இரண்டு மாதங்களுக்குச் சற்று முன்னர் 'நியூயார்க் டைம்ஸ்' தலையங்கம் ஒன்று, பறக்கும் பொறிக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுகள் தேவைப்படலாம் என்று எழுதியிருந்தது.

இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலிருந்து அடிக்கடி எடுத்தாளப்படுபவர் உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன். கேம்பிரிட்ஜில் 1923-இல் ஆற்றி மறு ஆண்டு நூலான 'டெடலஸ்' உரையில், கருப்பைக்கு வெளியே வளர்ந்த முதல் குழந்தைக்கு 1951 என்று நாள் குறித்தார். காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜனைச் சேமிக்கும் நாட்டையும் அதே உரையில் வருணித்தார். அதற்கு 400 ஆண்டுகள் ஆகும் என்று எண்ணியிருந்தார். வெல்ஸ் 1914-இல் ஒரு நாவலில் கற்பனை செய்த அணுகுண்டு வேறுவகையில் பலித்தது. 1932-இல் அதைப் படித்திருந்த இயற்பியலாளர் லியோ சிலார்ட், அணுவிலிருந்து ஆற்றல் பெறலாம் என்பது வெறும் பேச்சு என்று அணு இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு சொன்னதாக 1933 செப்டம்பரில் நாளிதழில் கண்டார். உடனே லண்டன் தெருவொன்றைக் கடக்கையில் தொடர்வினை பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றியது என்பது மரபு. தெருவும் சமிக்ஞை விளக்கும் பற்றிய செய்திகள் சிலார்டின் பிற்கால நினைவுகளையே ஆதாரமாகக் கொண்டவை. அவர் 1934-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் என்பதில் ஐயமில்லை. அமெரிக்க அரசுக்காக சமூகவியலாளர் வில்லியம் ஆக்பர்ன் தலைமையில் 1937-இல் வெளிவந்த தொழில்நுட்பப் போக்குகள் அறிக்கை, அணு ஆற்றல், ரேடார், ஜெட் விமானம், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஆகியவற்றைத் தவறவிட்டதாக இன்றும் குறை கூறப்படுகிறது.

1945 முதல் 1975 வரையான முப்பது ஆண்டுகளுக்கே மிகுதியான ஆவணங்கள் கிடைக்கின்றன. காரணம் எளிது: அப்போதுதான் முன்கணிப்பு சம்பளம் பெறும் தொழிலாயிற்று. அமெரிக்க விமானப்படைக்காக 1946-இல் தொடங்கிய 'ராண்ட்' திட்டத்தின் முதல் அறிக்கையே பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளைப் பற்றியது. அதை முதலில் ஏவும் நாடு உலகின் கற்பனையை எவ்வளவு ஆட்கொள்ளும் என்பதையும் அது சொல்லியிருந்தது. அவ்வறிக்கையை மேசை இழுப்பறையில் வைத்துவிட்ட நாட்டுக்கு 1957 அக்டோபரில் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பாடம் எடுத்தது. 1950களின் தொடக்கத்தில் நார்மன் டால்கியும் ஓலாஃப் ஹெல்மரும் ராண்டில் வகுத்த முறைக்குக் கிரேக்கக் குறிமேடையின் பெயரால் 'டெல்பி' என்று பெயர். வல்லுநர்களை ஒரே அறையில் கூட்டினால் உரத்த குரலும் உயர்ந்த பதவியும் வென்றுவிடும். ஆகவே அவர்களைத் தனித்தனியே வைத்துக் கேள்வித்தாள் அனுப்பி, விடைகளின் சுருக்கத்தைப் பெயர் சொல்லாமல் எல்லோருக்கும் காட்டி, மறுபடி கேட்க வேண்டும். முதல் சோதனையில் ஏழு வல்லுநர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி, அமெரிக்கப் போர்த்தளவாட உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைக்க எத்தனை அணுகுண்டுகள் வேண்டும் என்பது. முதற்சுற்றில் 50 முதல் 5,000 வரை சிதறிக் கிடந்த விடைகள், இறுதியில் 167-க்கும் 360-க்கும் இடையே வந்து அடங்கின. சோதனை நடந்து பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1963-இல்தான் இது வெளியிடப்பட்டது. விடைகள் நெருங்கி வந்தன என்பதற்காக உண்மையை நெருங்கின என்று கொள்ளலாமா என்ற கேள்வியை, ராண்டிலேயே பணியாற்றிய ஹெரால்ட் சாக்மன் 1974-இல் கடுமையாக எழுப்பினார். அதற்கு இன்றுவரை முழுமையான விடை தரப்படவில்லை. ஆனாலும் ஜப்பான் 1970களின் தொடக்கத்திலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இம்முறையில் நாடு தழுவிய ஆய்வை நடத்திவருகிறது.

தியோடர் கார்டனும் ஹெல்மரும் 1964-இல் வெளியிட்ட டெல்பி அறிக்கை தொடக்கத்தில் சொன்ன வாதத்துக்கு நல்ல உரைகல். மனிதன் நிலவில் இறங்குவது 1970-ஐ ஒட்டி நிகழும் என்ற குழுவின் மதிப்பு பலித்தது. 1970களின் தொடக்கத்தில் இயந்திர மொழிபெயர்ப்பும், 1980களின் நடுப்பகுதியில் அணுக்கரு இணைவு மின்சாரமும் வந்துவிடும் என்ற மதிப்புகள் பலிக்கவில்லை. மூன்றையும் சொன்னது ஒரே குழு, ஒரே முறை. நிலவுப் பயணம் இங்கே எழக்கூடிய முதல் மறுப்பு: அது எந்தப் படியிலும் எதையும் விற்கவில்லையே? உண்மைதான். ஆனால் பத்தாண்டு முடிவதற்குள் நிலவில் இறங்குவோம் என்று அமெரிக்க அதிபர் கென்னடி 1961-இலேயே அறிவித்து, அரசின் பணம் பாயத் தொடங்கிவிட்டது. குழு கணித்தது இயற்கையை அல்ல, ஒரு வரவுசெலவுத் திட்டத்தை. அந்தப் பணம் நின்றதும் அத்திட்டத்தின் தொடர்ச்சிகளாகக் கணிக்கப்பட்டவையும் நின்றன.

இக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற கணிப்பு 'எலக்ட்ரானிக்ஸ்' இதழின் 1965 ஏப்ரல் 19 வெளியீட்டில் வந்தது. ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர் கார்டன் மூர், ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டித்து 1975-இல் 65,000-ஐ எட்டும் என்றார். கட்டுரையோடு ஒரு கேலிச்சித்திரமும் இருந்தது: பல்பொருள் அங்காடியில் அழகுசாதனக் கடைக்குப் பக்கத்தில் ஒருவர் வீட்டுக் கணினிகளைக் கூவி விற்கிறார். அந்தக் கட்டுரையில் மிகத் துல்லியமான பகுதி அச்சித்திரமே என்று சொல்லத் தோன்றுகிறது. 1975-இல் மூர் தம் கணக்கை இரண்டாண்டுக்கு ஒரு மடங்கு என்று திருத்தினார். எங்கும் வழங்கும் 18 மாதம் என்ற எண் தம்முடையதல்ல என்றும் பின்னர் சொன்னார். 'மூர் விதி' என்று பெயரிட்டவர் கார்வர் மீட் என்பர்; அது எந்த ஆண்டு என்பது உறுதியில்லை. இவ்விதி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்ததற்கு இருவகை விளக்கங்கள் உள்ளன. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க வேகமும் சிக்கனமும் ஒருங்கே கூடிய இயற்பியல் நற்பேறே காரணம் என்பது ஒன்று. அதை ராபர்ட் டென்னார்டு 1974-இல் விளக்கினார். தொழில்துறையினர் அனைவரும் இதையே நாட்காட்டியாக வைத்து உழைத்தனர் என்பது மற்றொன்று. 1990களில் அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து வகுத்து, பிறகு பன்னாட்டு ஆவணமாக விரிந்த குறைகடத்தி வழித்திட்டம் இதற்குச் சான்று: எந்த ஆண்டில் எந்தக் கருவி தயாராக வேண்டும் என்பதை அது ஒவ்வொரு தொழிலுக்கும் வரையறுத்தது. முதல் விளக்கம் இல்லாமல் இரண்டாவது நின்றிருக்காது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இயற்பியல் இடம் கொடுத்ததாலேயே யாரும் ஆலை கட்டிவிடுவதில்லை. 1960களில் ஏவுகணைகளுக்கும் அப்பல்லோவுக்கும், பிறகு கால்குலேட்டருக்கும், பிறகு கணினிக்கும் என்று ஒவ்வொரு தலைமுறைச் சில்லுக்கும் வாங்குவோர் காத்திருந்தனர்.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கை முன்னிறுத்துவது இரண்டாவது மறுப்பு. பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதும் ஒளிபரப்பலாம் என்று 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் அவர் எழுதியபோது பின்னால் எந்த நிறுவனமும் இல்லை. 1964-இல் சின்காம்-3 செயற்கைக்கோள் அந்தச் சுற்றுப்பாதையில் நின்றது. ஆனால் அச்சுற்றுப்பாதையை ஹெர்மன் பொடோச்னிக் 1920களின் இறுதியிலேயே கணக்கிட்டிருந்தார். கிளார்க் எண்ணியதோ, ஆட்கள் தங்கி வேலை பார்க்கும் நிலையங்களை. இடைப்பட்ட 19 ஆண்டுகளில் ஆளை அங்கே தேவையற்றவராக்கிய டிரான்சிஸ்டரும், போருக்காகச் செய்த ராக்கெட்டுகளும் வேறு காரணங்களுக்காக, வேறு பணத்தில் வளர்ந்தன. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தார். 1975-இல் இந்தியா செயற்கைக்கோள் வழியே கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பைச் சோதித்தபோது, அதைப் பார்ப்பதற்காக அவருடைய கொழும்பு வீட்டில் இந்தியப் பொறியாளர்கள் ஓர் ஆன்டெனாவை நிறுவிக் கொடுத்தார்கள். தம் கணிப்பின் பலனை வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இத்துறையில் அதிகம் இல்லை.

எதிர்ப்பக்கத்துக்கு அணு ஆற்றலே முதன்மை எடுத்துக்காட்டு. அளவுமானி வைக்கத் தேவையில்லாத அளவுக்கு மின்சாரம் மலிவாகும் என்று அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் 1954-இல் சொன்னது பிளவைப் பற்றியா, இணைவைப் பற்றியா என்பது இன்னும் விவாதத்துக்குரியது. 1955 ஆகஸ்டில் அணு ஆற்றல் பற்றிய ஜெனீவா மாநாட்டுக்குத் தலைமை வகித்த இந்திய இயற்பியலாளர் ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுக்குள் இணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்தும் வழி கண்டறியப்படும் என்றார். இந்தியாவில் 1980-க்குள் 8,000 மெகாவாட் அணுமின்சாரம் என்பது அவர் காலத்து இலக்கு. அவ்வாண்டை ஒட்டி நிறுவப்பட்டிருந்தது ஏறத்தாழ 600 மெகாவாட். 1974 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் வெளிநாட்டு உதவி நின்றதே காரணம் என்று ஒரு சாராரும், சோதனைக்கு முன்பே திட்டம் பின்தங்கியிருந்தது என்று மறுசாராரும் சொல்கின்றனர். கல்பாக்கத்தில் 2004-இல் கட்டத் தொடங்கிய முன்மாதிரி வேக ஈனுலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. பணமும் திட்டமும் அமைப்பும் இங்கே இருந்தனவே என்ற மறுப்பு நியாயமானது. குறை வேறிடத்தில் இருக்கிறது: பாதி கட்டிய உலை பாதி மின்சாரம் தருவதில்லை. ஒவ்வோர் உலையும் பத்தாண்டுகளை விழுங்கும்போது, செய்து கற்றுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. விமானங்களின் உற்பத்தி எண்ணிக்கை இரட்டிக்கும்தோறும் செலவு ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைகிறது என்று டி. பி. ரைட் 1936-இல் காட்டினார். 62 தொழில்நுட்பங்களை ஒப்பிட்ட 2013-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் அவ்விதி மூர் விதியோடு சேர்ந்து முன்னணியில் நின்றது. சூரியப் பலகைகள் அவ்விதிக்கு அடங்கி மலிந்தன. அவற்றின் வளர்ச்சியைப் பன்னாட்டு எரிசக்தி முகமை ஆண்டுதோறும் குறைத்தே மதிப்பிட்டுவந்தது.

பொய்த்த கணிப்புகளைத் தொகுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உலகுக்கு ஐந்து கணினிகள் போதும் என்று ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சன் சொன்னார் என்பதற்கும், கண்டுபிடிக்க வேண்டியவை எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன என்று 1899-இல் அமெரிக்கக் காப்புரிமை ஆணையர் சார்லஸ் டூயல் சொன்னார் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஹெர்மன் கானும் ஆன்டனி வீனரும் 1967-இல் வெளியிட்ட நூறு புதுமைகளின் பட்டியலை ரிச்சர்டு ஆல்பிரைட் 2002-இல் சரிபார்த்தபோது, பாதிக்கும் குறைவானவையே உரிய காலத்தில் பலித்ததாகவும், கணினி, தகவல்தொடர்பு பற்றியவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு பலித்ததாகவும் மதிப்பிட்டார். 'பலித்தது' என்பதற்கு அவர் கொண்ட அளவுகோலை எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும் துறைக்குத் துறை தெரியும் வேறுபாடு கவனத்துக்குரியது.

அண்மைக் காலத்துக்குச் செய்திகள் குறைவு. இந்தியாவின் தொழில்நுட்பத் தகவல், முன்கணிப்பு, மதிப்பீட்டு மன்றம் 1996-இல் அப்துல் கலாம் தலைமையில் 2020-ஆம் ஆண்டுக்கான தொலைநோக்கு ஆவணங்களையும், பின்னர் 2016-இல் 2035-க்கான ஆவணத்தையும் வெளியிட்டது. குறைகடத்தி வழித்திட்டம் 2016-உடன் நிறுத்தப்பட்டு வேறு வடிவில் தொடர்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்க ஆய்வகமொன்றில் இணைவு வினை, தன்மேல் பாய்ச்சிய லேசர் ஆற்றலைவிட மிகுதியாகத் தந்தது. பிரான்சில் எழும் ஐட்டர் இணைவு உலையின் ஆய்வுப்பணித் தொடக்கம் 2034-க்குத் தள்ளப்பட்டுள்ளது. பத்தாண்டுகளுக்குள் கணினி சதுரங்க வாகையராகும் என்று ஹெர்பர்ட் சைமனும் ஆலன் நியூவெலும் 1957-இல் சொன்னது 1997-இல் நிறைவேறியது. 1964 அறிக்கை எதிர்பார்த்த இயந்திர மொழிபெயர்ப்புக்கு அமெரிக்காவில் 1966-இல் நிதி வெட்டப்பட்டது. இன்று அது கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது.