முதலில் யாரிடம் சொன்னார்கள்? 2008-ஆம் ஆண்டின் கிராபிக்ஸ் சில்லுக் கோளாறு

(சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம்.)

2008 ஜூலை 2 அன்று, கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் தலைமையகம் கொண்ட என்விடியா நிறுவனம், அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையத்திடம் 8-கே என்னும் படிவத்தைத் தாக்கல் செய்தது. பங்குதாரர் அறிய வேண்டிய முக்கிய நிகழ்வு ஏதேனும் நேர்ந்தால் நிறுவனங்கள் அளித்தாக வேண்டிய அறிக்கை அது. முந்தைய தலைமுறையைச் சேர்ந்த சில கிராபிக்ஸ் சில்லுகளும் துணைச் சில்லுகளும் மடிக்கணினிகளில் வழக்கத்தைவிட அதிக விகிதத்தில் பழுதாகின்றன என்றும், அவற்றைப் பழுதுபார்க்கவும் மாற்றித் தரவும் 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை செலவாகலாம் என்றும் அதில் கண்டிருந்தது. மறுநாள் அந்நிறுவனத்தின் பங்கு விலை ஏறத்தாழ 30 விழுக்காடு சரிந்தது.

நிதி அறிக்கைகள் வாசிக்கச் சுவையற்றவை. ஆனால் தொழில்நுட்ப வரலாற்றைப் பயில்வோர்க்கு அவற்றைவிட நேர்மையான ஆவணம் அரிது. பொய் சொன்னால் சட்டம் தண்டிக்கும் என்ற அச்சத்தில் எழுதப்படுபவை அவை. இந்த அறிக்கையில் நான் திரும்பத் திரும்ப நின்று பார்ப்பது அதன் முகவரியைத்தான். பழுதுறப்போகும் பொருளைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் அன்று அது. எந்தச் சில்லு, எந்த மடிக்கணினி, எத்தனை இலட்சம் என்ற விவரம் அதில் இல்லை. எவ்வளவு டாலர் என்பது மட்டும் இருந்தது. உண்மை முதலில் முதலீட்டாளரிடம் சொல்லப்பட்டது. கணினியின் உரிமையாளர் அதை ஒட்டுக்கேட்டே அறிந்தார்.

கோளாறு என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உத்தரவாதம் பற்றிய பின்னாளைய சச்சரவுகள் அனைத்தும் அந்தப் பௌதிகத்திலிருந்தே பிறந்தவை.

இன்றைய கிராபிக்ஸ் சில்லு தன் அடித்தகட்டின்மேல் கவிழ்த்து வைக்கப்படுகிறது. சில்லின் முகத்துக்கும் தகட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான பற்றாசுக் குமிழ்கள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவே. மின்சாரமும் செய்தியும் இக்குமிழ்கள் வழியாகவே போய்வருகின்றன. இயந்திரம் இயங்குகையில் சில்லு சூடேறுகிறது, அணைக்கையில் குளிர்கிறது. சூடேறும் பொருள் விரியும். ஆனால் எல்லாப் பொருளும் ஒரே அளவு விரிவதில்லை. சிலிக்கன் விரிவதைப் போல நான்கைந்து மடங்கு விரிகிறது அதன் கீழுள்ள தகடு. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டும் வெவ்வேறு அளவில் இழுக்க, நடுவில் அகப்பட்ட குமிழ்கள் ஒவ்வொரு முறையும் சற்றே பக்கவாட்டில் நெளிகின்றன. ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்து வளைத்து ஒடிப்பதைப் போன்றது இது.

பொறியியலாளர் இதை முன்பே அறிவர். எனவேதான் குமிழ்களுக்கிடையே ஒருவகைப் பிசினை நிரப்பி இறுகச் செய்கிறார்கள். இழுவிசை குமிழ்களின்மேல் மட்டும் விழாமல் அப்பிசின் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் பிசினுக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. அதைத் தாண்டினால் அது இளகிவிடும். சில்லின் இயங்கு வெப்பநிலையைவிடத் தாழ்ந்த நிலையிலேயே இளகும் பிசினைத் தேர்ந்திருந்தால், அது தேவைப்படும் வேளையில் உதவாது. சுமை மொத்தமும் குமிழ்களின் தலையில் விழும்.

‘தி இன்குவயரர்’ இணைய இதழில் சார்லி டெமர்ஜியன் 2008-இல் எழுதிய கட்டுரைகளின் சாரம் இதுவே. காரீயம் மிகுந்த குமிழும் விரைவில் இளகும் பிசினும் சேர்ந்த சேர்க்கையே குற்றவாளி என்றார் அவர். அவ்விதழ் புதிய மேக்புக் புரோ ஒன்றை வாங்கி, சில்லை அறுத்து, மின்னணு நுண்ணோக்கியில் குமிழ்களை ஆராய்ந்து வெளியிடவும் செய்தது. குமிழின் உலோகத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லலாகாது, குமிழும் பிசினும் சேர்ந்த தொகுதியையே பார்க்க வேண்டும் என்று என்விடியா மறுத்தது. வாதம் என்ற அளவில் அது சரியான மறுப்புதான். ஆனால் அதை வேறு சொற்களில் கூறினால், ஒரு பொருளும் தனியே குறையுடையதன்று, சேர்க்கைதான் குறையுடையது என்றாகிறது. சேர்க்கையைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

ஜூலை அறிக்கையோ வேறொரு விடையைத் தொட்டுக்காட்டியது. மூலகாரணம் இன்னும் உறுதியாகவில்லை எனச் சொல்லி, மூன்று காரணிகளை அது அடுக்கியது: சில்லும் உறையும் சேர்ந்த வலுவற்ற பொருட்சேர்க்கை, கணினியின் வெப்பமேலாண்மை வடிவமைப்பு, வாடிக்கையாளரின் பயன்பாட்டு முறை. முதலாவது சில்லு செய்தவருடையது, இரண்டாவது கணினி செய்தவருடையது, மூன்றாவது நம்முடையது! காலையில் திறந்து மாலையில் மூடுவதைத் தவிர ஒரு மடிக்கணினியை வேறெப்படித்தான் பயன்படுத்துவது? திறந்து மூடுதலே அப்பொருளின் இயல்பாக இருக்க, அதையே பழுதின் காரணங்களுள் ஒன்றாக எழுதியது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இக்கோளாறுக்கு இன்னொரு குணம் உண்டு. அது முதல் நாளில் தெரியாது. நூறு முறை, ஐந்நூறு முறை, ஆயிரம் முறை சூடேறிக் குளிர்ந்த பின்னரே விரிசல் முழுமையடையும். திரையில் கோடுகள் ஓடும், படம் சிதறும், பின்னொரு நாள் விளக்கு எரியும், விசிறி சுழலும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். ஓராண்டு உத்தரவாதத்தோடு விற்கப்படும் பொருளில், இரண்டாம் ஆண்டில் முதிரும் கோளாறு. உத்தரவாதம் என்பது பொருளின் தரத்தைப் பற்றிய வாக்குறுதி என்றே வாங்குவோர் எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரு நாட்காட்டி. அந்த நாட்காட்டியை வைத்துப் பார்த்தால்தான் அடுத்து நடந்தவை விளங்கும்.

எச்.பி. நிறுவனம் 2007 நவம்பரிலேயே, அதாவது என்விடியாவின் அறிக்கைக்கு எட்டு மாதம் முன்பே, பெவிலியன் டிவி2000, டிவி6000, டிவி9000 வரிசைகளிலும் காம்பாக் பிரிசாரியோ வி3000, வி6000 வரிசைகளிலும் சில மாதிரிகளுக்கு உத்தரவாதத்தை 24 மாதமாக நீட்டித்திருந்தது. டெல் 2008 ஜூலை இறுதியில் பயாஸ் மென்பொருளின் புதிய பதிப்புகளை வெளியிட்டது. இன்ஸ்பிரான் 1420, லாட்டிட்யூட் டி630, எக்ஸ்பிஎஸ் எம்1330 போன்றவை அப்பட்டியலில் இருந்தன. அப்பதிப்பு செய்ததெல்லாம் விசிறியின் ஓட்டத்தை மாற்றி, சில்லின் வெப்ப ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதே.

ஒடிந்துகொண்டிருக்கும் கம்பியை மெதுவாக வளைத்தால் அது சில மாதம் தாமதமாக ஒடியும், ஒடியாமல் இராது. அந்தச் சில மாதத்தில் உத்தரவாதம் முடிந்துவிட்டால் செலவு யாருடையது? விமர்சகர்கள் அப்போதே இதைக் கேட்டார்கள். டெல் அவ்வாறு திட்டமிட்டது என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று இல்லை. மேலும் அந்நிறுவனம் சில வாரங்களிலேயே இக்கோளாறுக்கு மட்டும் உத்தரவாதத்தை உலகெங்கும் 12 மாதம் நீட்டித்தது. ஆனால் நோக்கம் எதுவாயினும் விசிறியின் வேகத்துக்கு ஒரு பண மதிப்பு இருந்தது என்பது மட்டும் உறுதி.

ஆப்பிளின் கதை சற்று வேறு. தன் கணினிகள் பாதிக்கப்படவில்லை என்று என்விடியா உறுதியளித்ததாகவும், தானே நடத்திய ஆய்வில் அது சரியன்று எனத் தெரிந்ததாகவும் 2008 அக்டோபரில் ஆப்பிள் வெளிப்படையாகவே எழுதியது. 2007 மே முதல் 2008 செப்டம்பர் வரை தயாரான, ஜிபோர்ஸ் 8600எம் ஜிடி சில்லு கொண்ட மேக்புக் புரோக்களை வாங்கிய நாளிலிருந்து இரண்டாண்டு வரை இலவசமாகப் பழுதுநீக்கித் தருவதாக அறிவித்தது. பிறகு அது மூன்றாண்டாயிற்று; பிறகு நான்காண்டு. கோளாறு முதிர முதிர நாட்காட்டியும் பின்தொடர்ந்து ஓடியது.

இதை ஒரு நிறுவனத்தின் பாவமாக மட்டும் பார்ப்பது பிழை. மைக்ரோசாப்ட் 2007 ஜூலையில் தன் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்கு உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. அதன் கிராபிக்ஸ் சில்லை வடிவமைத்தது வேறொரு நிறுவனம். சூடேறிக் குளிர்ந்து இணைப்பு முறிவதே அங்கும் காரணம் என்பதைப் பிற்காலத்தில் மைக்ரோசாப்டே தன் ஆவணப்படத்தில் கூறியது. அந்த ஆண்டுகளில் சில்லுகளின் வெப்பம் விரைந்து ஏறியது. அவற்றைத் தாங்கும் பற்றாசும் பிசினும் அதே வேகத்தில் தேறவில்லை. 2011-ஆம் ஆண்டின் மேக்புக் புரோக்களில் வேறொரு நிறுவனத்தின் கிராபிக்ஸ் சில்லு இருந்தது. அவற்றுக்கும் 2015-இல் ஆப்பிள் பழுதுநீக்கத் திட்டம் அறிவிக்க நேர்ந்தது.

என்விடியாவின் முதற்கட்ட ஒதுக்கீடு ஏறத்தாழ 19.6 கோடி டாலரில் நின்றது. அடுத்த இரு நிதியாண்டுகளிலும் மேலும் ஒதுக்க வேண்டிவந்து, மொத்தம் 47 கோடியைத் தாண்டியது. அதற்குள் வழக்குகளும் தொடங்கிவிட்டன. கணினி வாங்கியோர் கூட்டாகத் தொடுத்த வழக்கு கலிபோர்னியாவின் வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்து, 2010 டிசம்பரில் சமரசமாக முடிந்தது. டெல், ஆப்பிள் கணினிகளுக்குச் சில்லை மாற்றித் தருவது, எச்.பி. கணினிக்குப் பதில் ஒத்த வகையும் மதிப்பும் கொண்ட வேறொரு கணினி தருவது. முன்னரே கைக்காசில் பழுது பார்த்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது. கோரிக்கை அனுப்பக் கடைசி நாள் 2011 மார்ச் 14.

ஒத்த வகை, ஒத்த மதிப்பு என்ற சொற்கள்மேல் அடுத்த சண்டை மூண்டது. தரப்பட்டது காம்பாக் பிரிசாரியோ சிக்யூ56 என்னும் மலிவுவிலைக் கணினி. ஆயிரம் டாலருக்கும் மேல் கொடுத்தோர் கொதித்தெழுந்தனர். நீதிபதி ஜேம்ஸ் வேர் அவர்களின் ஆட்சேபத்தை ஏற்கவில்லை. மதிப்பு என்பது வாங்கிய அன்றைய விலையா, நான்காண்டு பழகிய பின் எஞ்சியதா? இதைச் சமரசப் பத்திரம் எழுதும்போதே தெளிவாக்கியிருக்க வேண்டும்.

ஜூலை அறிக்கை யாரை நோக்கி எழுதப்பட்டதோ, அந்தப் பங்குதாரரும் வழக்குத் தொடுத்தனர்: முன்பே தெரிந்தும் தாமதித்துச் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. அவ்வழக்கு தள்ளுபடியாயிற்று, 2014-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

கணினி வாங்கியோரின் சமரசம் அமெரிக்காவில் வசிப்போருக்கு மட்டுமே. அதே சில்லோடு இங்கே விற்கப்பட்ட கணினிகளுக்கு, நீட்டித்த உத்தரவாதம் முடிந்ததும் எஞ்சியவை தில்லியின் நேரு பிளேஸும், பெங்களூரின் எஸ்.பி. ரோடும், சென்னையின் ரிச்சி தெருவும்தாம். ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்று பலகை மாட்டிய கடைகளில் வெப்பக்காற்றைச் சில்லின்மேல் பாய்ச்சினார்கள். சிலர் சில்லைப் பெயர்த்து, அதன் அடித்தகட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலுள்ள பெரிய பற்றாசு உருண்டைகளைப் புதிதாகப் பதித்தார்கள். திரை ஒளிர்ந்தது. உண்மையில் முறிந்திருந்தவையோ, அதற்கும் மேலே சில்லுக்குள் இருந்த சிறு குமிழ்கள். வெப்பத்தில் விரிசலின் இரு முகங்களும் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான். சில வாரத்திலோ சில மாதத்திலோ மீண்டும் இருள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சினந்தோர் பலர். சில்லின் உள்ளே என்ன நிகழ்ந்தது என்பதை அந்தக் கடைக்காரருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சட்டத்தின் பக்கம் போயிருக்கலாமே எனக் கேட்கலாம். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடு என்ற சொல்லுக்குத் தந்த விளக்கம் விரிந்ததே. ஒத்த நலனுடைய பலர் சார்பில் ஒருவர் முறையிடவும் அதில் இடமிருந்தது. ஆனால் புகார் செய்ய இரண்டாண்டுக் கெடு. ஆய்வின்றித் தெரியாத குறைபாடெனில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், கட்டணத்தை முதலில் புகார்தாரரே கட்ட வேண்டும். குமிழின் விரிசலை ஐயமறக் காண்பதற்குச் சில்லை அறுத்துப் பார்க்க வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய்க் கணினிக்காக அதைச் செய்யத் துணிபவர் யார்?

2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் பொருள்பொறுப்பு என ஓர் இயலையே சேர்த்தது. அதில் தயாரிப்பாளர் என்ற சொல், ஒரு பொருளின் பாகத்தை மட்டும் செய்பவரையும் உள்ளடக்கும். சில்லு செய்தவரை நேரே நிறுத்தும் வழி இது என முதலில் வாசித்தபோது மகிழ்ந்தேன். அதே சட்டத்தில் தீங்கு என்ற சொல்லின் விளக்கத்தை அடுத்துப் படித்தேன். உயிருக்கும் உடலுக்கும் பிற உடைமைக்கும் நேரும் கேடு அதில் அடங்கும்; அந்தப் பொருளுக்கே நேரும் கேடு அடங்காது. கணினி தீப்பற்றி மேசையை எரித்தால் இவ்வியல் பொருந்தும். திரை இருண்டு சும்மா கிடந்தால், பழையபடி குறைபாட்டுப் புகார்தான். அதற்கு இப்போதும் கெடு இரண்டாண்டு.