மாமாவிடம் நான் கேட்காமல் விட்டது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தினேன். முதல் உலகப் போரின் காரணங்களை நீங்கள் தூக்கத்தில்கூட ஒப்பிப்பீர்கள். ஆனால் அந்தப் போருக்காகக் கடல் கடந்து போன பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் ஒருவருடைய குரலையாவது உங்களுக்குக் கேட்கவைத்தேனா? அப்படி ஒரு குரல் இருப்பதே ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃப் என்ற ஊரில் ஜெர்மானியர்கள் ஒரு போர்க்கைதி முகாம் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் படையில் இருந்து பிடிபட்ட இந்தியர்களும் அங்கே இருந்தார்கள். மொழி ஆராய்ச்சிக்காக அவர்களைப் பேசவைத்து இசைத்தட்டில் பதிந்தார்கள். 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்பவர் பஞ்சாபியில் பேசியிருக்கிறார். தன்னைப் பற்றியே, வேறு யாரோ ஒருவனைப் பற்றிப் பேசுவதுபோல. ஊரில் வெண்ணெய் தின்று வளர்ந்த ஒருவன் சண்டைக்கு வந்து பிடிபட்டான், இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருந்தால் செத்துப்போவான் என்கிறார். கொஞ்ச நேரப் பேச்சுதான். அந்தப் பதிவு இன்றும் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

எதிரி தன் ஆராய்ச்சிக்காகப் பதிந்த குரல் நூறு வருடம் தாண்டி நிற்கிறது. எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

என் பெரிய மாமா இரண்டாம் உலகப் போரில் ராணுவ லாரி ஓட்டியவர். 1944இல் இம்பாலில் இருந்தார். நான் பி.எட். முடித்த புதிதில் நோட்டும் பேனாவுமாக அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். எந்தப் படைப்பிரிவு, எந்தத் தேதி, தளபதி யார் என்று வரிசையாகக் கேட்டேன். ஒன்றிரண்டுக்குப் பதில் சொன்னார். பிறகு தானாகவே, "மழைடா மாப்ள, அப்படி ஒரு மழை" என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, "அது மே மாசமா, ஜூனா மாமா?" என்றேன்.

"அதான் உன் புஸ்தகத்துல எல்லாம் இருக்கே" என்று எழுந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. 1989இல் போய்ச் சேர்ந்தார்.

புத்தகத்தில் இருப்பது எனக்கு மனப்பாடம். மார்ச் கடைசியில் ஜப்பானியர் கோஹிமா சாலையை மறித்தது, உணவும் மருந்தும் விமானத்தில் வந்தது, ஜூன் 22 அன்று சாலை திறந்தது. அந்த மூன்று மாதம் மாமா என்ன சாப்பிட்டார்? லாரியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஊர் திரும்பினாரா? எதிர்ப்பக்கம் நேதாஜியின் படை. மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்த படை அது. மாமாவுக்கு அது தெரிந்திருந்ததா? இதையெல்லாம் இனி யாரிடம் கேட்பது? அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடந்த பர்மா ஸ்டார் மெடல் மட்டும் என்னிடம் இருக்கிறது. ஆறுமுனை நட்சத்திரம், ரிப்பன் நைந்துவிட்டது.

உங்களில் சிலருடைய அப்பா 1971 சண்டையில் இருந்தவர். இலங்கைக்கு அமைதிப்படையில் போன சித்தப்பாக்கள் இருக்கிறார்கள், கார்கில் போன என் மாணவர்களே இருக்கிறீர்கள். 1971இல் இருபது வயது என்றால் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் ரெக்கார்டரைப் போட்டு, அவரிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் வையுங்கள். வீட்டில் டிவியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சீரியல் வசனம்தான் பதிவாகும். சொல்லப் பிடிக்காததை வற்புறுத்தாதீர்கள். தேதியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் மழையில் ஆரம்பித்தால் மழையையே பேசட்டும்.

அவர் சம்மதித்தால் எனக்கும் அனுப்புங்கள். என் வாட்ஸ்அப் நம்பர் பழையதுதான்.