புற்றிலிருந்து சோற்றுக்கு: ஈசல் உணவின் வரலாறு

மழை பெய்து மண் குளிர்ந்ததும் கறையான் புற்றிலிருந்து கூட்டங்கூட்டமாகச் சிறகு விரித்து வெளியேறுகின்றன ஈசல்கள். இவற்றைச் சோற்றுக்கு வழியற்றவர்கள் பஞ்சத்தில் தின்ற பண்டம் என்று கருதுவோர் உண்டு. பழைய சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தக் கருத்து நிற்காது.

சங்க இலக்கியம் ஈசலை 'ஈயல்' என்கிறது. நற்றிணை 59ஆம் பாட்டில் கபிலர் காட்டும் வேட்டுவன் உடும்பு, தவளை, முயல் ஆகியவற்றுடன் புற்றைக் கிளறி ஈயலும் எடுத்து வருகிறான். அன்றைய வேட்டையின் நிறைவில் ஈயலுக்கும் பங்குண்டு. அதே கபிலர் புறநானூறு 119இல், பாரியை இழந்த பறம்பு நாட்டின் வளத்தை நினைத்து ஏங்குகிறார். அங்கே தினையின் புதுவருவாயோடு ஈயல் சேர்ந்த புளித்த மோருணவும் இடம்பெறுகிறது. வறுமையின் அடையாளமாக இருந்திருந்தால் வளத்தைச் சொல்லும் பாட்டில் அது வந்திருக்காது.

சமையல் முறையே கிடைப்பது அகநானூறு 394இல். ஆட்டுத் தயிர், குற்றித் தீட்டிய வரகரிசி, மழையில் நனைந்த புற்றின் ஈயல் ஆகியவற்றைச் சேர்த்து ஆக்கிய சூடான புளிப்புச் சோறு; அதன்மேல் பசுவெண்ணெய் உருகுகிறது. தலைவனோடு வரும் இளைஞர்களுக்கு இந்த விருந்து. தலைவனுக்கோ பால்சோறு! ஈயற்சோறு விருந்துக்கு உரியதுதான். ஆனால் பந்தியில் அதற்கும் ஒரு படிநிலை இருந்திருக்கிறது.

பல நூற்றாண்டுகள் கடந்து, 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார் தாவரவியலாளர் லின்னேயசின் மாணவரான யோகான் கெர்கார்டு கோனிக். கறையான்கள் பற்றி 1779இல் வெளியான அவரது கட்டுரை ஈசல் பிடிக்கும் நுட்பத்தை விவரிக்கிறது. புற்றில் இரண்டு துளையிட்டு, காற்று வரும் பக்கம் நாற்றமுள்ள பொருள்களைப் புகைத்து, மறுபக்கம் மணமுள்ள இலை தேய்த்த பானையை வைப்பார்கள். பானையில் விழுந்த ஈசலை மாவுடன் சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றார்கள். அளவு மீறித் தின்றால் கடும் வயிற்றுப்போக்கு வரும் என்றும் கோனிக் எச்சரித்தார். இதை 1781இல் இங்கிலாந்தின் அறிஞர்களுக்கு எடுத்துச் சொன்ன ஹென்றி ஸ்மீத்மன், ஆப்பிரிக்காவில் தாமே கறையான் தின்று சுவைத்தவர்.

விருந்தில் இருந்த உணவு, இந்தப் பதிவில் ஏழைகளின் மலிவுப் பண்டமாகிறது. ஈசலின் சத்து மாறவில்லை. உண்பவரின் சமூக நிலையே உணவின் மதிப்பைத் தீர்மானித்தது.

தமிழகத்தில் இருளர் போன்ற பழங்குடியினர் இன்றும் இரவில் விளக்கொளி காட்டி ஈசல் பிடிக்கிறார்கள். இறகு நீக்கி, வறுத்து, அரிசிப் பொரியோடு கலந்து உண்பது கிராமங்களில் பலருக்கும் பழக்கமான சுவை.

உலகம் இப்போது பூச்சி உணவின் பக்கம் திரும்பியிருக்கிறது. சுமார் 200 கோடி மக்களின் உணவில் பூச்சிகள் உண்டு என்று 2013இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அறிக்கை மதிப்பிட்டது. சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 பூச்சி இனங்களை உணவாக அனுமதித்தது. அவை பண்ணையில் வளர்க்கப்பட்டவையாக இருக்க வேண்டும்.

ஈசல் அந்தப் பட்டியலில் இல்லை. நம் புற்றுக் கறையான்களில் பல, புற்றுக்குள்ளேயே பூஞ்சை வளர்த்து உண்பவை. அவற்றைப் பண்ணையில் பெருக்குவது எளிதன்று. எனவே புற்றிலிருந்தே பிடிக்க வேண்டியிருக்கிறது; எந்தப் புற்று, எந்த மழை, எந்த நேரம் என்ற அறிவு பிடிப்பவர்களிடமே இருக்கிறது. அவர்களின் பெயரோடும் இசைவோடும் அதைப் பதிவு செய்ய நம் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும்.