மானியம், மாதச் சம்பளம், நாலு பிசானம்

வெலிங்டன் மலையில் பயிற்சியை முடித்து, கசம் பரேடில் சத்தியம் செய்துவிட்டு, முதல் விடுப்பில் திருநெல்வேலி ஜங்ஷனில் வந்து இறங்கும் பையனிடம் கறுப்புத் தகர டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்டில் முதலில் எண், அடுத்துப் பதவி, கடைசியில் பெயர். பெட்டி வீட்டுத் திண்ணையில் இறங்கியதுமே புத்திமதி ஆரம்பித்துவிடும். முக்கூடலோ நாங்குநேரியோ சேரன்மகாதேவியோ, ஊர் எதுவானாலும் பெரியவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: சம்பளத்தில் பாதியைத் தொடாதே, தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்து வை, நாலு சென்ட் இடமாவது வாங்கிப் போடு, கேன்டீன் பாட்டிலோடு ஊருக்கு வந்தால் கூட்டாளிகள் தானாகச் சேருவார்கள், ஜாக்கிரதை, பதினஞ்சு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, அப்புறம் பென்ஷன். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. வீரம் பேசும் சீமையில் இது அற்பமான பேச்சு என்று சிலருக்குப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. படைக்குப் போகிறவனுக்கு ஊர் சொல்லும் புத்திமதி அவனுக்குக் கூலி எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. கூலியின் வடிவம் மாறினால் புத்திமதியும் மாறியாக வேண்டும். தாமிரபரணிக் கரையில் இந்த வடிவம் இரண்டு முறை மாறியிருக்கிறது. மூன்றாவது மாற்றம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது, திண்ணைப் பேச்சுதான் இன்னும் இரண்டாவதிலேயே நிற்கிறது.

புத்திமதியை யாரும் ஓலையில் எழுதி வைப்பதில்லை. கூலி கணக்கில் ஏறும். அதிலிருந்து இதைப் படித்துக்கொள்ளலாம். பாளையம் என்ற சொல்லுக்கே படை தங்கும் இடம் என்றுதான் பொருள். மதுரை நாயக்கர் காலத்தில் அமைந்த பாளையங்களில் ஆயுதம் பிடித்தவனுக்கு மாதம் பிறந்தால் காசு என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை. அவனுக்குக் கிடைத்தது நிலம், அல்லது நிலத்தின் விளைச்சலில் ஒரு பங்கு. அப்பன் செய்த ஊழியம் மகனுக்கு வரும்போது நிலமும் கூடவே வரும். ஊழியம் போனால் நிலமும் போகும். இதோடு சேர்ந்ததுதான் காவல். ஊரைக் காப்பது தலக்காவல், பல ஊர்களையும் பாதைகளையும் சேர்த்துக் காப்பது திசைக்காவல். இரண்டுக்கும் ஊரார் நெல்லாகவும் பணமாகவும் ‘சுதந்திரம்’ என்ற காவல் கூலியை அளந்தார்கள். களவு போனால் காவல்காரன் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டில் வேல் பிடிக்கப் பழகி முடித்த இளைஞனுக்குச் சொல்ல ஒரே புத்திமதிதான் இருந்திருக்க முடியும்: ஊரை விட்டு நகராதே. அவனுடைய கூலி மண்ணில் இருந்தது. மண்ணை டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு போக முடியாது.

நிலத்தைக் கூலியாகப் பெற்ற படைவீரன் எஜமானுக்கு ஆபத்தானவனும்கூட. கிழக்கிந்தியக் கும்பெனி இதை யூசுப் கான் விஷயத்தில் கற்றுக்கொண்டது. கும்பெனிப் படையில் சிப்பாய்களுக்குத் தலைவனாக உயர்ந்தவர், மதுரைச் சீமையையும் திருநெல்வேலிச் சீமையையும் குத்தகைக்கு எடுத்து ஆண்டார், பிறகு எதிர்த்து நின்றார், 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். வரி வசூலும் வாளும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வெள்ளைக்காரனுக்குக் கிடைத்திருக்காது. அடுத்த தலைமுறையில் பாளையங்களின் முறை வந்தது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து அவர் தம்பி ஊமைத்துரை தப்பினார்; பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழுந்து, அந்த மே மாதமே விழுந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் விட்ட பிரகடனம் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் சொன்னது. 1803இல் மிஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. பள்ளிக்கூடத்தில் இதை வீரத்தின் தோல்வியாகப் படிக்கிறோம். கணக்குப்பிள்ளையின் கண்ணால் பார்த்தால், மானியமாகக் கிடைத்த படைக்கூலி இந்தப் பள்ளத்தாக்கில் ஒழிக்கப்பட்ட காலம் அது.

ஒழித்தது சட்டத்தில்தான். பாளையத்தில் ஆயுதம் பிடித்துப் பழகியவர்களின் வழிவந்தோர் பலர் காவலை விடவில்லை. 20ஆம் நூற்றாண்டு தொடங்கிய பிறகும் அது இருந்தது. அதற்குள் அதன் உருவம் திரிந்துபோயிருந்தது. காவல் கூலி கொடுக்க மறுத்த சம்சாரியின் மாடு ஓர் இரவில் காணாமல் போகும். இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்து, மாடு எங்கே நிற்கிறது என்று தமக்குத் தெரிந்தவருக்குத் தெரியும் என்பார். அதற்குக் கொடுப்பது துப்புக்கூலி. தொகையைக் கொடுத்தால் மறுநாள் மாடு தானாக வழி கண்டுபிடித்து வந்ததுபோல் ஓடைக்கரையில் நிற்கும். பெயர் மிக அழகானது. குற்றத்துக்குக் கூலி என்று சொல்லாமல் தகவலுக்குக் கூலி என்று சொல்லும் நாசூக்கு அதில் இருக்கிறது. ஆங்கிலேய அதிகாரிகள் இதைப் பிறவிக் குணம் என்று எழுதினார்கள். 1911இல் திருத்தப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் அந்த எழுத்துக்குப் பின்னால் வந்தது. ஆயுதத்தொழிலின் கூலியை ஒரு கையெழுத்தில் எடுத்துவிட்டு, தொழில் மட்டும் மிஞ்சிக் கெட்டுப்போனதைப் பார்த்து ரத்தத்தைக் குறை சொல்வது ஆட்சியாளர்களுக்கு எளிது.

இன்னொரு பக்கம் கும்பெனிச் சிப்பாய். அவன் கூலி காசு. காலாட்படைச் சிப்பாய்க்கு மாதம் 7 ரூபாய். 1895இல்தான் அது 9 ஆயிற்று, 1911இல் 11. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அசையாத சம்பளம். அதிலேயே சாப்பாடும் அடக்கம். ஆனால் மாதம் தவறாமல் வந்தது, ஊரில் மழை பொய்த்தாலும் வந்தது. இந்தக் காசுக் கூலிதான் இன்றைய திண்ணைப் புத்திமதிக்குத் தாய். கையில் காசு வந்ததும் முதல் கேள்வி, அதை வீட்டுக்கு எப்படிச் சேர்ப்பது. மதராஸ் சிப்பாய் பெண்டாட்டி பிள்ளைகளோடு லயனிலேயே குடியிருந்தான். படை கடல் கடந்து ஜாவாவுக்கோ பர்மாவுக்கோ போனால் சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டாருக்குச் சேர ஏற்பாடு இருந்தது. சிப்பாய்களின் பிள்ளைகளைச் சிறு சம்பளத்தில் ‘ரெக்ரூட் பையன்’களாகப் படையிலேயே வளர்ப்பதும் உண்டு. மானியத்தில் இருந்த அப்பன்–மகன் தொடர்ச்சியின் நிழல் அது. 1880இல் தபால் மணியார்டர் வந்தபின் குடும்பம் கூடவே அலைய வேண்டிய கட்டாயம் குறைந்தது. கிராமத்தில் பட்டாளத்துக்காரன் வீடு என்பதன் அடையாளமே தபால்காரர் வாசலில் நிற்பது என்று ஆயிற்று.

காசுக் கூலிக்கு ஒரு பலவீனம் உண்டு: கொடுக்கிறவன் நினைத்த நாளில் நிறுத்தலாம். 1806 ஜூலையில் வேலூரில் தலைப்பாகை, நெற்றிக்குறி, கடுக்கன் பற்றிய உத்தரவுகளால் கலகம் வெடித்த பிறகு, நவம்பரில் பாளையங்கோட்டையில் மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ், சதி நடக்கிறது என்ற பேச்சை நம்பித் தன் படையின் முஸ்லிம் சிப்பாய்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்துக் கோட்டைக்கு வெளியே அனுப்பினார். ராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்து விடுவித்தது. நூறாண்டு கழித்து அதே பலவீனம் பெரிய அளவில் வெளிப்பட்டது. 1857இல் 52 காலாட்படைப் பிரிவுகள் இருந்த மதராஸ் படை, சில குலங்களே போருக்குத் தகுந்தவை என்ற ‘போர்க்குல’க் கோட்பாடு வந்ததும் சுருங்கியது. மதராஸ் படைக்கே தளபதியாக இருந்த ராபர்ட்ஸ்தான் அதன் பெரிய பிரசாரகர். 1928இல் கடைசி மதராஸ் காலாட்படைப் பிரிவும் கலைக்கப்பட்டது. ‘தம்பி’ என்றே படையில் அழைக்கப்பட்ட மதராஸ் சாப்பர்கள் மட்டும் தப்பினார்கள். பாலம் கட்ட ஆள் வேண்டுமே. இரண்டாம் உலகப்போரில் ஆள் போதாதபோது போர்க்குணம் எங்கிருந்தோ திரும்பி வந்து, மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. இதெல்லாம் தெரிந்த ஊர் பென்ஷனைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. சுதந்திர இந்தியாவில் ஜவானுக்குப் பதினைந்து ஆண்டுப் பணி முடிந்தால் சாகும்வரை மாதாமாதம் பணம். அவனுக்குப் பிறகு மனைவிக்கும். நிறுத்த முடியாத காசு என்பது ஏறக்குறைய நிலம்தான். பென்ஷனை நம்பிப் பெண் கொடுப்பார்கள், கடன் கொடுப்பார்கள். மானியம் போய் நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் அதற்கு மாற்று கிடைத்த நிம்மதிதான் ‘பதினஞ்சு வருஷம் பல்லைக் கடி’ என்ற சொல்லில் இருக்கிறது.

கூலியை வைத்தே படைவீரனை அளக்கும் இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று பாஞ்சாலங்குறிச்சியிலிருந்தே வருகிறது. கோட்டை விழுந்த பிறகு பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடிவந்த ஒரு தாயின் கதையை வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கால்டுவெல்லின் 1881ஆம் ஆண்டுத் திருநெல்வேலி வரலாற்றிலும் அது இடம்பெற்றது. மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். தன்னை விட்டுவிட்டு, அருகில் காயம்பட்டுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொல்கிறான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிப் போகிறார்கள். கும்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மைக்குப் பயந்து வந்தவர்கள் ஓடுகிறார்கள். கூலிக்கு மாரடிப்பவனா இப்படிச் செய்வான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கூலி இழிவானது என்று நான் சொல்லவில்லை. அந்த மகனின் கூலி சொந்த மண்ணில், தாய் நடந்து வரும் தூரத்தில் இருந்தது. தலைவனும் அதே மண்ணில் இருந்தான். மகனுடைய விசுவாசத்துக்கு வேர் இருந்த இடம் அது. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பதில் உப்பிட்டவர் முகம் தெரிந்தவர். காசுக் கூலியில் உப்பிட்டவர் முகம் தெரியாத சர்க்கார். அந்த இடத்தை நிரப்பத்தான் ரெஜிமென்ட், கொடி, சத்தியம், யானைச் சின்னம் எல்லாம். வெலிங்டன் மையம் அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. அது செய்யாததை ஊர் செய்கிறது, அதனால்தான் திண்ணையில் துப்பாக்கிப் பேச்சு இல்லை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு 191 ஆண்டு கழித்து, 1990 அக்டோபரில், நீர்மூழ்கிகளோடு பேசும் கடற்படை நிலையத்துக்கு விஜயநாராயணத்தில் அவர் பெயரையே வைத்தார்கள். உப்பிடுகிறவர்களுக்கும் பழைய முகம் ஒன்று தேவைப்படுகிறது.

மூன்றாவது மாற்றம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத். அக்னிவீரருக்குப் பணி நாலு வருஷம். முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 பிடித்தம். நான்காம் ஆண்டில் 40,000, பிடித்தம் 12,000. பிடித்த அளவுக்கு அரசும் போட்டு, முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ஒரே தொகையாக வரும். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, வெளியே வந்தபின் கேன்டீனும் இல்லை. ஒரு புத்திமதி தானாகவே காலாவதி ஆகிறது. நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்வது அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரை. இதில் என்ன கெட்டுப்போயிற்று, பெரியவர்கள் சொன்ன சேமிப்பை அரசே பிடித்து வைத்துக் கொடுக்கிறதே என்று வாதிடுவோர் உண்டு. சேமிப்பு இருக்கிறது, உண்மை. ஆனால் திண்ணைப் பேச்சின் உயிர் சேமிப்பில் இல்லை, மாதாமாதம் வரும் என்ற உறுதியில் இருந்தது. மொத்தமாக வரும் 11 லட்சத்துக்கு ஊரில் அதைவிட வேகமாக வரும் உறவுகள் உண்டு: அக்கா வீட்டு நகை மீட்பு, மாமாவின் லாரித் தவணை, கோயில் கொடைக்கு வரி.

தாமிரபரணிப் பாசனத்துக்காரனுக்குப் புரியும்படி சொன்னால், பாளையத்து வீரன் மானியக்காரன், பென்ஷன் ஜவானும் ஒருவகை மானியக்காரன், அக்னிவீரன் குத்தகைக்காரன். நாலு கார் சாகுபடி, நாலு பிசானச் சாகுபடி, அவ்வளவுதான் பூ. குத்தகைக்காரன் அந்த வயலில் கிணறு வெட்ட மாட்டான். கையோடு கொண்டுபோகக்கூடியதைத்தான் தேடுவான். ஆகவே பயிற்சி முடித்த பையனிடம் ‘பல்லைக் கடி’ என்பதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டியவை வேறு. பத்தாம் வகுப்போடு போனவன் பணியிலேயே பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் பெற வழி இருக்கிறது, அதை விடாதே. டிரைவர், ஒயர்லெஸ், எலக்ட்ரீஷியன் என்று எந்தத் தொழிலைப் பழக விட்டாலும் அதற்கான காகிதத்தைக் கேட்டு வாங்கு. மத்திய ஆயுதக் காவல் படைகளில் அக்னிவீரர்களுக்கு 2022இல் 10 சதவீத இடம் அறிவித்தார்கள். அதன் தேதிகளை மூன்றாம் வருஷத்திலிருந்தே பார். இடம் வாங்குவது பிறகு. மொத்தத் தொகையை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்க ஊரில் யார் அவசரப்பட்டாலும் பேசாமல் இரு.

தரைப்படை அக்னிவீரர்களின் முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சி மையங்களில் சேர்ந்தது. அவர்களுக்கு நாலு வருஷம் நிறையும் நாளில் கன்னடியன் கால்வாய்க்கும் கோடகன் கால்வாய்க்கும் கீழே பிசான நெல் பொதி கட்டி நிற்கும். இருபத்தொன்றுக்கும் இருபத்தேழுக்கும் நடுவே வயது, டிரங்குப் பெட்டி மூடியில் அதே வெள்ளைப் பெயின்ட். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பென்ஷன் அண்ணாச்சி, வழக்கம்போல, இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்றுதான் முதலில் கேட்பார்.